சேமவச்சு

கருங்குழி என்று ஊர்ப்பெயரைச் சொன்னதும் இலக்கிய நண்பர்கள் வள்ளலாரை நினைத்துக்கொள்கிறார்கள். தண்ணீரில் விளக்கெரிந்ததாகச் சொல்லப்படும் கருங்குழி வடலூர்ப் பக்கம் இருப்பது. எங்களுடையது செங்கல்பட்டு மாவட்டத்தில், படாளத்துக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவே, சென்னையிலிருந்து தெற்கே இறங்கும் பெருஞ்சாலையின் ஓரத்தில் இருப்பது. கருநாடகப் போர்களிலும் ஹைதர் அலியோடு நடந்த போரிலும் கைமாறிய ஒரு கோட்டையின் இடிபாடு ஊருக்கு உண்டு. முன்பு 45 என்று எண்ணிட்டிருந்த அந்தச் சாலைக்கு இப்போது 32 என்று எண். எண் எதுவானாலும் எங்கள் பக்கத்து ஓட்டுநர்களின் கேலி மாறவில்லை: "பேர்லயே குழி இருக்குது, ரோட்டுல இல்லாம பூடுமா?"

நியாயமாகச் சொன்னால், பெருஞ்சாலையில் குழி குறைவு. கேலிக்கு உரியவை அதிலிருந்து பிரிந்து ஏரிக்கரையிலும் வயல்நடுவிலும் போகும் கிளைச்சாலைகள். அவற்றின் மேடுபள்ளங்களைச் சென்ற ஆண்டு மார்கழி முடிவிலிருந்து பங்குனி வரையில் ஏறத்தாழ நாள்தோறும் ஒரு சரக்கு வண்டியின் வழியே அறிந்துகொண்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என் தம்பி பதினோராண்டுகளாகப் பிக்கப் வண்டி ஓட்டிப் பிழைப்பவன். சம்பா அறுவடையில் நெல், வெயில் ஏறும்போது தர்ப்பூசணி, ஆடியில் திருவிழாப் பந்தல் சாமான், இடைப்பட்ட நாட்களில் செங்கல், ஜல்லி, வீடு மாறுகிறவர்களின் கட்டில், பீரோ. 2005இல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்து 'குட்டி யானை' என்று நம் மக்களால் பெயர் சூட்டப்பட்ட பிறகு கிராமத்தின் போக்குவரத்தே வேறாகிவிட்டது. மாட்டுவண்டி செய்த வேலையையும், டிராக்டருக்குக் கட்டுப்படியாகாத வேலையையும் இத்தகைய சிறு வண்டிகளே எடுத்துக்கொண்டன. தம்பியுடையது அதைவிடக் கொஞ்சம் பெரியது. ஒன்றரை டன் ஏற்றலாம்.

மார்கழியில் ஒரு நாள் மாலை வண்டியிலிருந்து இறங்க ஒரு காலைத் தரையில் வைத்தவன், மறு காலை எடுக்க முடியாமல் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டான். செங்கல்பட்டில் மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்பின் அடியில் இரண்டு வட்டுகள் பிதுங்கி நரம்பை அழுத்துகின்றன. மூன்று மாதம் வண்டியில் ஏறவே கூடாது. அதற்குப் பிறகும் இந்தத் தொழில் வேண்டுமா என்று யோசிக்க வேண்டும். அவனுக்கு வயது முப்பத்தொன்பது. வண்டிக்கடனில் பதினான்கு தவணைகள் மிச்சம். பொங்கல் கழிந்ததும் நெல் எடுத்துத் தருவதாக ஏழு வீடுகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அந்த வீடுகளை இழந்தால் அடுத்த பருவத்தில் திரும்பப் பிடிக்க முடியாது. கூலிக்கு ஓட்டுநர் வைத்தால் தவணைக்கு மிஞ்சாது.

என் கல்லூரி முதல் சுழற்சி. ஒன்றரை மணிக்கு மேல் ஓய்வு. கார் ஓட்டும் உரிமம் இருக்கிறது. இலகுரக வாகன உரிமம் உள்ளவர் 7500 கிலோ வரை மொத்த எடையுள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லி, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதிசெய்திருக்கிறது. ஆக, சட்டப்படி தடையில்லை. "அண்ணா, நீ பாடம் நடத்துற ஆளு, வாணாம்" என்றான். அம்மா ஒன்றும் பேசாமல் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

முதல் வாரம் எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. நெல்மூட்டை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போகும்போது வண்டி அடக்கமாகப் போகிறது. இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதே சாலை, அதே குழி, ஆனால் பல் கடகடக்கிறது, தலை கூரையில் இடிக்கிறது. பாரம் குறைந்தால் பயணம் சுகமாக அல்லவா இருக்க வேண்டும்? தம்பியிடம் கேட்டேன். கட்டிலில் குப்புறப் படுத்திருந்தவன், "பட்டை இன்னாத்துக்கு இருக்குது? சொமக்கத்தானே. சொமை இல்லாதப்போ அது கட்டை" என்றான்.

பின்சக்கர அச்சின் மேல் நீளமான எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அதைத்தான் பட்டை என்கிறார்கள். ஒன்றரை டன்னைத் தாங்குவதற்கென்று செய்த பட்டை ஒன்றரை டன் இருந்தால்தான் வளைந்து கொடுக்கும். சுமை இறங்கியதும் அது வளைய மறுக்கிறது. குழியில் சக்கரம் விழும் அடியை அப்படியே மேலே அனுப்புகிறது. மேலே இருப்பது வெறும் தொட்டியும் ஒரு மனிதனின் இடுப்பும்தான். கார்களில் ஏறிப் பழகிய நமக்கு இது தெரிவதில்லை. கார் மனிதனை மனத்தில் வைத்துச் செய்த வண்டி. இது மூட்டையை மனத்தில் வைத்துச் செய்தது. சரக்கு வண்டிக்காரர்கள் காலி வண்டியில் வேகமாகப் போவதைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறோம். அடுத்த நடைக்குக் காத்திருப்பவனுக்கு அந்தக் காலி நேரம் கூலி இல்லாத நேரம். ஆகவே உடம்பு அதிகம் அடிபடும் நேரத்தில்தான் அவன் அதிக வேகத்தில் போகிறான்.

உட்கார்ந்திருக்கும் மனித உடலின் நடுப்பகுதி நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 8 முறை அதிரும் அதிர்வுக்குக் கூடுதலாகத் துள்ளுகிறது என்று அதிர்வியல் படித்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஊஞ்சலைச் சரியான கணத்தில் தள்ளினால் உயரே போவதுபோல, அந்த அதிர்வு முதுகெலும்பில் பெருகுகிறது. கரடான சாலையில் ஓடும் வண்டி இருக்கைக்கு அனுப்பும் அதிர்வு இந்த எல்லைக்குள் வந்துவிடக்கூடியது. இதை அளக்க ஐஎஸ்ஓ 2631 என்று ஓர் உலகத் தரநெறியே இருக்கிறது. தம்பியின் இருக்கையைப் போய் யாரும் அளந்ததில்லை. ரெக்சின் கிழிந்த இடத்தில் அவனே ஒரு தலையணையை மடித்து வைத்திருந்தான்.

குழியை எப்படிக் கடப்பது என்பதற்கு அவன் சொல்லித்தந்தவை சில. தயக்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு வாய்த்த நல்லாசிரியர்களில் அவனும் ஒருவன். குழிக்கு முன்பே வேகத்தைக் குறை. சக்கரம் விளிம்பைத் தொடும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடு. பிரேக்கை மிதித்தபடியே விழுந்தால் வண்டியின் எடையெல்லாம் முன்னால் சாய்ந்து முன்சக்கரத்துக்கு இரட்டை அடி. ஸ்டியரிங்கைக் கட்டைவிரல் உள்ளே போட்டுப் பிடிக்காதே. குழி உதறினால் விரல் போய்விடும். தண்ணீர் நிற்கும் குழியை நம்பாதே. நேற்று நாலு விரற்கடை இருந்தது இன்று முழங்கால் ஆழமாகியிருக்கலாம். "குழிய பாக்காத, அண்ணா. முன்னாடி போற வண்டியோட பின் சக்கரத்த பாரு. அது சொல்லும்."

இனி வேகத்தடைகள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட நெறிமுறைப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மெல்லிய வளைவாக இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனுக்கு அது ஒரு தாலாட்டுபோல இருக்கும். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வேண்டும், வெள்ளை வண்ணம் வேண்டும். எங்கள் பக்கத்துக் கிளைச்சாலைகளில் நான் கடந்த தடைகளில் பெரும்பாலானவை ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக எழும் சிமெண்டு வரப்புகள். ஐந்து கிலோமீட்டர் தொலைவில் பதினேழு எண்ணினேன். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு ஒரு தடைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் தேநீர் குடிக்கும்போது கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். "இங்கதான் பள்ளிக்கொடம் வுட்டு வந்த புள்ள அடிபட்டுச்சு. மறுநாளே ஊர்ல மூட்டை சிமிட்டி வாங்கி போட்டுட்டாங்க" என்றார். அதன் பிறகு வேறு சில இடங்களிலும் விசாரித்துப் பார்த்தேன். பல தடைகளுக்கு அடியில் ஒரு பெயர் இருந்தது. இலக்கணம் மீறிய அந்தச் சிமெண்டு மேடுகளை ஏறக்குறைய நடுகற்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. ஒரே வேறுபாடு, இவற்றில் எழுத்து இல்லை. அனுமதியில்லாத தடைகளைப் பெயர்த்தெடுக்க வேண்டும் என்று எழுதுகிறவர்கள் முதலில் இதைக் கேட்டறிய வேண்டும். ஆனால் அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஒரு குழந்தைக்காகப் போட்ட வண்ணமற்ற மேட்டில் இருட்டில் வரும் இருசக்கர வண்டிக்காரன் தூக்கி எறியப்படுகிறான்.

குழிக்கோ யாரும் காரணம் சொல்லிக் கேட்டதில்லை. அது தானாக வந்தது போலவே பேசுகிறோம். தார்ச்சாலையின் முதல் பகை தண்ணீர். மேற்பரப்பில் மயிரிழை அளவு விரிசல் விழும். ஐப்பசி மழை அதில் இறங்கும். அடியிலிருக்கும் ஜல்லியும் மண்ணும் இளகும். மேலே சக்கரம் ஏறும்போதெல்லாம் நீர் அழுந்தி மண்ணைக் கரைத்துக்கொண்டு வெளியே பீறும். ஒரு நாள் மேல்தோல் உள்ளே விழுகிறது. சாலையோரத்தில் வடிகால் இருந்தால் இது நடக்கப் பல ஆண்டுகளாகும். வடிகால் தூர்ந்தால் ஒரு மழைக்காலம் போதும். பாரமும் ஒரு காரணம். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை சாலை போட்டு, அதன்மேல் லாரிகளை ஓயாமல் ஓட்டி ஓர் ஆய்வு நடத்தினார்கள். அச்சின் மேல் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகிறது என்பது அதன் முடிவு. மயிலிறகேயானாலும் மிகுதியாக ஏற்றினால் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். முறிவது அச்சு மட்டுமன்று. 2013 முதல் 2017 வரை ஐந்தாண்டுகளில் இந்தியச் சாலைக் குழிகளால் மாண்டவர்கள் 14,926 பேர் என்ற கணக்கை 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொல்லி, எல்லையில் உயிர்விட்டவர்களைவிட இது அதிகமாக இருக்கக்கூடும் என்று வருந்தியது. இடுப்பு ஒடிந்து உயிரோடிருப்பவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

மாசியில் ஒரு வேலை வந்தது. எங்களுக்குத் தெற்கே ஒரு கிராமத்து மாரியம்மன் கோயிலுக்குப் புதுச் சிலை. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒரு பட்டறையில் செய்து முடித்திருந்தார்கள். (1957இல் தொடங்கிய சிற்பக்கலைக் கல்லூரியின் ஊர் அது, அதன் கற்சிற்பங்களுக்கு 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.) பீடத்தோடு ஏறக்குறைய அறுநூறு கிலோ. பூஞ்சேரியிலிருந்து திருக்கழுக்குன்றம் வந்து, வள்ளிபுரத்தில் பாலாற்றைக் கடந்து, ஈசூர் வழியாகக் கருங்குழி சேர வேண்டும். அங்கிருந்து கிளைச்சாலை. குடமுழுக்குக்கு ஒன்பது நாட்களே இருந்தன. வழியில் விரலொன்று உடைந்தாலும் அந்தச் சிலை பூசைக்கு ஆகாது. ஊரே வீட்டுக்கு வீடு வரி போட்டுச் சேர்த்த பணம்.

செயின் பிளாக்கில் தூக்கி, வைக்கோலும் பழைய டயர்களும் பரப்பி, அம்மனை மல்லாக்கக் கிடத்தினார்கள். சிற்பி எழுபதை நெருங்கியவர். கை, கழுத்து, சூலத்தின் முனை ஆகியவற்றைச் சுற்றி அவரே வைக்கோலைச் செருகினார். "கல்லு உளிய தாங்கும் ஐயா. உதறல தாங்காது. கழுத்துல போயிடும்" என்றார். புறப்படுமுன் தம்பி தொலைபேசியில் அழைத்தான். "எவ்ளோ எடை? அறுநூறா? பத்தாது. பத்து மூட்டை மணல் போடு. அச்சுக்கு நேரா போடு." சிற்பிக்கு இது விளங்கவில்லை. பாரத்தைக் கூட்டினால் சிலைக்கு ஆபத்தல்லவா என்றார். நான் தம்பி சொன்னதை அப்படியே சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "சரிதான், பட்டை எறங்கி குடுக்கணும்" என்றார்.

நாற்பது கிலோமீட்டருக்குக் குறைவான அந்த வழிக்கு மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு மேட்டிலும் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்படி நேராக வைத்து, முதல் கியரில், கிளட்சைப் பாதி விட்டு ஏறி இறங்கினேன். பின்னால் வந்தவர்கள் ஒலியெழுப்பினார்கள். பின்தொட்டியில் வைக்கோலுக்கு நடுவே முகத்தை மூடியபடி யாரோ படுத்திருப்பதைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள். பாலத்தின் மீது, ஈரமே இல்லாத பாலாற்று மணலைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நின்றேன். கிளைச்சாலையில் இருட்டிவிட்டது. கோயிலில் இறக்கியபோது கிராமத்துப் பெரியவர் ஒருவர் டார்ச் அடித்து அம்மனின் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார். எட்டுக் கை, நாற்பது விரல். நானும் மனத்துக்குள் எண்ணினேன்.

மறுநாள் முதல் வகுப்பில் புறநானூறு. தற்செயலாக 102ஆம் பாட்டு வந்தது. அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ பண்டம் மிகுதி. பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, அங்கே என்ன நேருமோ, யாருக்குத் தெரியும் என்று எண்ணி உப்பு வணிகர்கள் வண்டியின் அடிமரத்தில் ஒரு மாற்று அச்சைக் கட்டி வைத்திருப்பார்கள். அந்தச் சேமவச்சைப் போன்றவன் நீ என்கிறார் இளவரசனிடம். இருபது ஆண்டுகளாக இந்தப் பாட்டை உவமையின் நயத்துக்காகவே நடத்திவந்திருக்கிறேன். 'அவல்' என்றால் பள்ளம் என்று சொன்னதும் மாணவர்கள் சிரிப்பார்கள். சேமவச்சு என்பது இன்றைய ஸ்டெப்னி என்றதும் மீண்டும் சிரிப்பார்கள். (வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவில் 1904இல் டேவிஸ் சகோதரர்கள் செய்து விற்ற மாற்றுச் சக்கரத்தால் வந்த பெயர் அது.) அன்று எனக்கு உவமேயத்தைவிட வண்டிதான் பெரிதாகத் தெரிந்தது. சங்ககால உப்பு வண்டி நமக்குத் தொலைவானதன்று. சிறுபாணாற்றுப்படையில், பாண்டியரின் கொற்கையைச் சொல்லும் இடத்தில் உமணர் வண்டியோடு வந்த மந்தி அவர்களின் பிள்ளைகளோடு விளையாடுகிறது. அந்தப் பாட்டின் எயிற்பட்டினம் என்று ஆய்வாளர் பலர் கருதும் மரக்காணத்தில் இன்றும் உப்பளங்கள் உண்டு. அங்கிருந்து உப்பு மூட்டை ஏற்றித் தம்பியே பலமுறை வந்திருக்கிறான்.

பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். அவள் தந்தை லாரி ஓட்டுநர் என்பதைப் பிறகு அறிந்தேன். "ஐயா, எருது கஷ்டப்படுது, அச்சு ஒடையுது, எல்லாம் பாட்டுல இருக்கு. வண்டி ஓட்டுறவர் எங்க ஐயா?" என்று கேட்டாள். பாட்டை மறுபடி மனத்தில் ஓட்டினேன். எருது உண்டு, பாரம் உண்டு, பள்ளமும் மேடும் உண்டு, முன்யோசனையுள்ள வணிகர் உண்டு. ஏர்க்காலில் அமர்ந்து ஒவ்வொரு பள்ளத்தையும் தன் இடுப்பில் வாங்கியவனைப் பற்றித் தனியாக ஒரு சொல் இல்லை. ஔவையாரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் பாட வந்தது வேறு. அதோடு உமணர்களே வண்டியையும் ஓட்டியிருப்பார்கள், குடும்பத்தோடு போனவர்கள் அவர்கள். அப்படியென்றால் அச்சுக்கு மாற்று வைத்துக்கொண்டவர்கள் தங்களுக்கு என்ன வைத்துக்கொண்டார்கள் என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது. "மகன்தானே ஐயா" என்றான் வேறொரு மாணவன். பொருத்தமான விடைதான். அந்த விடை எனக்குப் பிடிக்கவில்லை. தம்பி மகனுக்குப் பதினான்கு வயது. விடுமுறையில் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கியரை ஆட்டிப் பார்ப்பான்.

பங்குனிக் கடைசியில் தம்பி எழுந்து நடந்தான். இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு (அதற்கும் பட்டை என்றுதான் பெயர்) ஒரு நாள் என் பக்கத்தில் அமர்ந்து வந்தான். கண்ணை மூடியிருந்தான். ஏரிக்கரை வளைவு தாண்டியதும் கையை நீட்டி மேல்பிடியைப் பற்றினான். ஒரு நொடி கழித்துக் குழி வந்தது. அன்றிரவு வீட்டில் எல்லாரும் இருக்கும்போது, வண்டியை விற்றுவிடலாம் என்று அவனே சொன்னான். கடன் போக மிஞ்சுவதில் ஏரிக்கரையோரத்து நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுக் கீரையும் கத்தரியும் வைப்பதாகத் திட்டம். அம்மாவுக்கு மகிழ்ச்சி. அவன் மனைவி அழுதார். காரணம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

சித்திரை பிறந்ததும் வாங்க வந்தவன் பக்கத்து ஊர்ப் பையன். இருபத்து மூன்று வயதிருக்கும். தந்தையின் பேரில் கடன் வாங்கியிருந்தான். வண்டியைச் சுற்றி வந்தான், என்ஜின் சத்தம் கேட்டான், டயரை உதைத்துப் பார்த்தான். விலை பேசி முடித்தபின் தம்பி அவனைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் அழைத்துப்போய், குனிய முடியாததால் காலால் சுட்டிக்காட்டினான். "மூணாவது பட்டை போன வருசம் மாத்தினது. சென்டர் போல்ட்ட மாசம் ஒருவாட்டி பாத்துக்க." பையன் தலையாட்டினான். சாவியைக் கொடுத்துவிட்டு, இரண்டடி போனவனைத் தம்பி திரும்பக் கூப்பிட்டான்.

"காலியா வரும்போது மெதுவா வாப்பா."

பையன் சிரித்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.